மு. சென்றாயன் ஒன்று, மு. சென்றாயன் இரண்டு

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் வைத்த தேநீர் விருந்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "நீங்க எதுக்குமே பயந்ததில்லையாக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் வாயில் வடையை வைத்துக்கொண்டு, "நம்ம டாக்டரம்மாவுக்கே பயப்படல, வேற எதுக்குப் பயப்படப் போறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் நீங்கள் மரபணு, ஆராய்ச்சி என்று பெரிது பெரிதாகச் சொல்வீர்கள். என் வேலை இரண்டுதான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. யாருக்கு யார் என்ன உறவு என்று குடைந்து குடைந்து கேட்டுக் குடும்பப் படம் போடுவது. அபூர்வமான ரத்த நோய், எதிர்ப்புச் சக்திக் குறைபாடு என்று எந்தக் குடும்பத்தில் சந்தேகம் வந்தாலும் முதலில் போய் நிற்பவள் நான். கூடலூரிலிருந்து பெரியகுளம் வரைக்கும் எத்தனை வீட்டில் காபி குடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜெயமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பம். வாழையும் நெல்லும் போடுகிறவர்கள். அண்ணன் முருகேசன், தம்பி முத்துவேல். அண்ணன் கட்டியது அக்காள் ஈஸ்வரியை, தம்பி கட்டியது தங்கச்சி சுதாவை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஈஸ்வரியின் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இறந்துபோனான். பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசி அவனுக்கு உடம்பெல்லாம் பரவிவிட்டது. அக்குளில் கட்டி, அப்புறம் கழுத்தில், அப்புறம் எங்கெங்கோ.

ஊசியைக் குறை சொல்லாதீர்கள். அது கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றுகிற ஊசி. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடுகிறார்கள். சாதாரணப் பிள்ளையின் உடம்பு அதோடு சண்டை போட்டுப் பழகிக்கொள்ளும். ஆனால் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கிற பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்கள் உடம்பில் சண்டை போட ஆளே கிடையாது. ஈஸ்வரியின் மூத்தவன் அப்படிப் பிறந்தவன். அவன் ரத்தத்தில் அந்த மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தபோது அவன் உயிரோடு இல்லை. அது தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருகிற கோளாறு. அக்காள் தங்கை இருவரையும் பரிசோதித்தோம். இருவருமே அதைச் சுமப்பவர்கள். பிறக்கிற ஆண் பிள்ளைக்கு அது வரலாம், வராமலும் போகலாம். பூவா தலையா போட்டுப் பார்க்கிற கதைதான்.

அடுத்த வருஷம் இருவரும் ஒன்றாகக் கர்ப்பமானார்கள். இருவருக்கும் ஆண் பிள்ளை. தங்கச்சிக்கு முதலில், ஒன்பது நாள் கழித்து அக்காளுக்கு. முடிவு தெரிகிற வரைக்கும் இரண்டு பிள்ளைக்கும் அந்த ஊசி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பேர் வைத்த மறுநாள் நான் ரத்தம் எடுக்கப் போனேன்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பச்சைப் பிள்ளையின் ரத்தம் பிடிக்கிற குழாயில் 'இன்னாருடைய குழந்தை' என்று தாயின் பேரைத்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? நான்தான் உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவள். குழாயை எடுத்து 'ஈஸ்வரி' என்று எழுதப் போனேன். பிள்ளைகளின் தாத்தா பக்கத்தில் வந்து நின்றார். பேரு சென்றாயன். இரண்டு மகன்களும் அவர் பேரையே பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தானே. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏந்தாயி, அதான் பேரு வச்சாச்சுல்ல? பேரில்லாத புள்ள மாதிரி ஆத்தா பேரை எதுக்கு எழுதுறீக? என் பேரை எழுதுங்க. ரெண்டு சென்றாயன் இருக்கான் இந்த வீட்டுல!"

எல்லாரும் சிரித்தார்கள். மூத்த பேரனைப் பறிகொடுத்த வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. 'மு. சென்றாயன்' என்று எழுதினேன். அப்பன்மார் பேரு முருகேசன், முத்துவேல். இரண்டுக்கும் 'மு' தான். அதனால் என்ன, ஒன்று இரண்டு என்று போட்டுவிட்டால் போகிறது என்று போட்டேன். அந்த வீட்டில் எதுவானாலும் மூத்த மருமகளுக்குத்தான் முதலில். நானும் மரியாதையாக ஈஸ்வரியின் பிள்ளைக்கு முதலில் எடுத்து 'ஒன்று' என்று எழுதினேன். சுதாவின் பிள்ளைக்கு 'இரண்டு'.

ஆய்வகத்தில் படிவங்களை அடுக்கியவர் பிறந்த தேதிப்படி அடுக்கினார். முதலில் பிறந்தது சுதாவின் பிள்ளை. அவன் படிவத்துக்கு 'ஒன்று' என்று எண் விழுந்தது. அவர் மேல் தப்பே இல்லை. நான் யாருக்கு எந்த எண் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. சாதாரண ரத்த அணு எண்ணிக்கை பார்க்க எடுத்த குழாய்களும் அதே பேரில், அதே எண்ணில்தான் போயின. அதனால் எல்லாச் சீட்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தியது. தப்பு என்று சந்தேகப்பட ஒரு துளி இடம் இல்லை.

முடிவு வந்தது. ஒன்றாம் எண்ணுக்குக் கோளாறு இருக்கிறது, இரண்டாம் எண்ணுக்கு இல்லை. ஒன்றாம் எண் படிவத்தில் சுதாவின் பேர் இருந்தது; யாருக்கு எந்த எண் போட்டேன் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. சுதாவின் பிள்ளையைக் கிருமி அண்டாமல் இருக்கத் தேனியில் ஆஸ்பத்திரித் தனி அறைக்குக் கொண்டுபோனோம். ஈஸ்வரியிடம், "உன் பிள்ளை நல்லா இருக்கான்டி" என்று நான்தான் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு பக்கம் தங்கச்சி பிள்ளைக்காக, ஒரு பக்கம் தன் பிள்ளைக்காக. தள்ளிப்போட்ட தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டும் எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

தனி அறையில் சுதாவின் பிள்ளைக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். கிருமியோடு சண்டை போடுகிற அணுக்களின் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. "பொருந்தலையே" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். ஆளுக்கொரு சமாதானம் சொன்னோம். தாயின் அணுக்கள் கலந்திருக்கும், கருவி சரியில்லாமல் இருக்கும், நாளைக்குப் பார்ப்போம். நானும் தலையாட்டினேன். அந்த டாக்டரின் முகத்தை அன்று நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். சின்னப் பையன்தானே என்று விட்டுவிட்டேன்.

பத்தாவது நாள், புதன்கிழமை. காலையில் சுதாவைப் பார்க்கப் போனேன். முகக்கவசத்தோடு பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். செவிலியர் குத்தி ரத்தம் எடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"பாருங்கக்கா, இங்கன தினம் குத்துறாக, சத்தமே போட மாட்டேங்கிறான். அன்னைக்கும் அப்படித்தான். மொதல்ல அக்கா புள்ளைக்குக் குத்துனீக, அவன் வீல்னு கத்துன கத்துல இவன் முழிச்சான். ரெண்டாவதா இவனுக்கு எடுக்கையில கம்முனு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான்."

"என்ன சொன்னே? ரெண்டாவதா?"

"ஆமாக்கா. அக்கா புள்ளைக்குத்தான மொதல்ல எடுத்தீக?"

முதலில் எடுத்தது ஒன்று. ஒன்று ஈஸ்வரியின் பிள்ளை. அப்படியென்றால் தனி அறையில் இருக்க வேண்டியவன் இவன் இல்லை. இருக்க வேண்டியவன் ஜெயமங்கலத்தில் இருக்கிறான். இன்றைக்குப் புதன்கிழமை, ஊருக்கு ஊர் தடுப்பூசி போடுகிற நாள்.

இந்த இடத்தில் நான் செய்ததைக் கேளுங்கள். உடனே போனை எடுத்தேனா? இல்லை. உறுதியாகத் தெரியாமல் ஊரைக் கூட்டக் கூடாது, என் பேர் கெட்டுவிடும், எதற்கும் என் குறிப்பேட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அலுவலகத்துக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு நோட்டாக எடுத்துப் போட்டுத் தேடினேன். அரை மணி நேரம். குறிப்பேட்டில் 'இருவருக்கும் எடுத்தாயிற்று' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "எவ்வளவு நிச்சயம்?" என்றார்.

"பாதிம்மா. பாதிதான் நிச்சயம்."

"பாதி போதும். ஊசியை நிறுத்து. தப்பா இருந்தா ரெண்டு பேரும் சேந்து அசடு வழிவோம். இதை எப்பத் தெரிஞ்சுக்கிட்டே?"

"அரை மணி நேரம் ஆச்சும்மா."

"கிளம்பு" என்றார்.

ஜீப்பில் ஏறியதும் முருகேசனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தோப்பில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் போனைச் சட்டையோடு கழற்றி வைத்துவிட்டுப் போவான். ஈஸ்வரியிடம் தனியாகப் போன் கிடையாது. ஊர்ச் செவிலியரின் எண்ணை டாக்டரம்மா தேடி அனுப்பினார். அவரும் எடுக்கவில்லை. ஐம்பது பிள்ளைகள் கத்துகிற இடத்தில் பைக்குள் இருக்கிற போன் யார் காதில் விழும்? பெரியகுளத்தில் மாங்காய் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி அந்த டிரைவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பாவம், அவன் என்ன செய்வான்.

அங்கன்வாடி வாசலில் இறங்கினேன். பத்து இருபது தாய்மார் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரி சுவரோரமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா இம்புட்டுத் தூரம்? நீங்க வருவீகன்னு தெரிஞ்சிருந்தா காத்திருந்திருப்பேன். இப்பத்தான் போட்டாக, இருபது நிமிஷம் இருக்கும். அழுது தீத்துட்டான்க்கா, ஆனா நல்லா தெம்பா அழுகுறான்."

பிள்ளையின் இடது தோளில் சின்னப் புள்ளியாக அந்த இடம் தெரிந்தது. இருபது நிமிஷம். நான் அலமாரியைக் குடைந்தது அரை மணி நேரம். இந்தக் கணக்கை அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் தடவை போட்டுப் பார்த்திருப்பேனோ.

'ஐயோ, ஏண்டி போட்டே' என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அப்போது வரிசையில் இருந்த தாய்மார் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரியின் மூத்தவன் எப்படிப் போனான் என்பது அந்த ஊருக்கே தெரியும். இந்த வாசலில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், ஒருத்தி பாக்கியில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அடுத்த புதன்கிழமை அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் ஊசி விழாது. ஒரு பிள்ளைக்கு நான் செய்தது போதாதென்று ஊர்ப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டுமா? வாயை மூடிக்கொண்டேன். சிரிக்க முயன்றேன்.

"டாக்டரம்மா உன்னைப் பாக்கணும்னு சொன்னாக. ஜீப்பு நிக்குது, வா."

செவிலியரை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் வெளியே வந்து, "அடுத்தது யாரு, வாங்க" என்று சாதாரணமாகக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

ஜீப்பு ஊரைத் தாண்டியதும் ஈஸ்வரியிடம் சொன்னேன். ரத்தம் மாறியிருக்கலாம், மாற்றியது நான், உன் பிள்ளைக்குத்தான் அந்தக் கோளாறு இருக்கும்போல் தெரிகிறது என்று. சுற்றி வளைக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிள்ளையின் தோளில் அந்தப் புள்ளியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். உள்ளே போனதை வெளியே எடுத்துவிடலாம் என்பது போலத் தேனி வருகிற வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தாள். "விடு தாயி, புண்ணாயிரும்" என்று கையைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

ரத்தத்தின் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று மதியமே டாக்டரம்மா காசநோய் மருந்தை ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் எண்ணிக்கை வந்தது. ஈஸ்வரியின் பிள்ளைக்குத்தான் கோளாறு, சந்தேகமே இல்லை. அக்காளும் தங்கச்சியும் தனி அறை வாசலில் எதிர்ப்பட்டார்கள். ஒருத்தி பிள்ளையோடு வெளியே வருகிறாள், ஒருத்தி பிள்ளையோடு உள்ளே போகிறாள். சுதாவால் அக்காள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

"ஏண்டி தலையக் குனியுறே?" என்றாள் ஈஸ்வரி. "வீட்டுக்குப் போயி அவனை நல்லாத் தூக்கிக் கொஞ்சு. பத்து நாளா உன்னைத் தவிர வீட்டுல யாரும் அவனைத் தொடலடி."

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல நான் பயந்து வாழ்ந்ததில்லை. ஊசி போட்ட இடம் மற்றப் பிள்ளைகளுக்குச் சின்னதாகத் தடித்து, தழும்பாகி ஆறும். அதைப் பார்த்துத் தாய்மார் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் அந்தத் தோளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அக்குளைத் தொட்டுப் பார்ப்பார்கள். கட்டி இருக்கிறதா? இல்லை. உடம்பு சுடுகிறதா? கொஞ்சம் சுடுகிறது. அந்த 'கொஞ்சம்' என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. அறைக்குள் போக எனக்கு அனுமதி உண்டு. ஆனாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றேன். உள்ளே போனால் அவன் தோளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் தாத்தா சென்றாயன் நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டார். மனுஷன் பாதியாகக் கரைந்திருந்தார்.

"ஏந்தாயி, என் பேரை எழுதச் சொன்னேன்ல, அதுனாலயா இப்படி ஆச்சு? நான் வம்பு பண்ணாம இருந்திருந்தா நீங்க ஆத்தா பேரைத்தான எழுதியிருப்பீக?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு அது ஆறுதலாக இருந்தது. தப்பில் பாதியை எடுத்துக்கொள்ள ஒரு ஆள் தானாக வந்து நிற்கிறார். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். மேலதிகாரி கேட்டால், குடும்பத்தார் வற்புறுத்தினார்கள் என்று எழுதிவிடலாம். நம் தொழிலில் இப்படி ஒரு நொடி உங்கள் எல்லாருக்கும் வரும்.

"இல்லைங்கய்யா," என்றேன். "நீங்க ஆசையா பேரைச் சொன்னீக. அதோட தாய் பேரையும் சேத்து எழுதியிருக்க வேண்டியது நான். அது என் வேலை. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." அவர் நம்பினாரோ இல்லையோ, அன்றைக்கே நடந்ததையெல்லாம் நடந்தபடி எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் அலமாரியைக் குடைந்ததையும் சேர்த்து.

பிள்ளை பிழைத்தான். தாயின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு மாற்றினார்கள், மாதக்கணக்கில் வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டான். மருந்தை அன்று மதியமே தொடங்கியதால் தப்பித்தான் என்று டாக்டரம்மா சொல்வார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மாற்று சிகிச்சைக்கு முன்னால், தாயின் மஜ்ஜை பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க இருவர் ரத்தமும் வெளியூருக்குப் போக வேண்டியிருந்தது. நான் இனிமேல் குழாயைத் தொட மாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தேன். வேறொரு பெண் ரத்தம் எடுத்தாள், குழாயில் எழுதப் பேனாவைத் திறந்தாள். ஈஸ்வரி அவளைத் தடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கையைக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"நீங்க எழுதுங்கக்கா."

"வேணாம் ஈஸ்வரி. எனக்குப் பயமா இருக்கு. கை நடுங்குது பாரு."

"நடுங்கட்டும். எனக்கும்தான் நடுங்குது. இங்கன இருக்குற எல்லாரும் தைரியமாத்தான் இருக்காக, உங்களுக்குத்தான் என் அளவுக்குப் பயம் இருக்கு. நீங்கதான் எழுதணும்."

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எழுதி முடித்ததும் அவள் குழாயை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"ஈஸ்வரி மகன் சென்றாயன்."

மாமனார் பேரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அந்த வீட்டு மருமகள்களுக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மகனைக்கூடத் தம்பி, தங்கம் என்றுதான் கூப்பிடுவாள். அன்று அந்த அறையில் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லிவிட்டுத்தான் குழாயைக் கையை விட்டுக் கொடுத்தாள்.